இவ்வாண்டு மாடலா, அடுத்த ஆண்டு மாடலுக்கு ஆர்டரா? அமெரிக்காவில் முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோடையின் கடைசி வாரங்களில் அமெரிக்கக் கார் டீலரிடம் செல்பவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கும். வளாகத்தில் நிற்கும் இவ்வாண்டு மாடலைப் பேரம் பேசி அன்றைக்கே ஓட்டிச் செல்லலாம். அல்லது அடுத்த ஆண்டு மாடலில் தமக்குப் பிடித்த நிறத்தையும் வசதிகளையும் தேர்ந்து ஆர்டர் கொடுத்துவிட்டுச் சில மாதங்கள் காத்திருக்கலாம். சாதாரணக் குடும்பக் காரில் இந்தத் தேர்வு பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் விலை அதிகம், உற்பத்தி குறைவு, டீலர்களுக்கு வரும் ஒதுக்கீடும் குறைவு. எனவே இந்த ஒரு முடிவில் ஆயிரக்கணக்கான டாலர்கள் கூடவோ குறையவோ செய்யும்.

இக்கட்டுரையில் செவர்லே கார்வெட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1953-இல் தொடங்கி, 1981 முதல் கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரிலுள்ள ஒரே ஆலையில் உருவாகிவரும் கார் அது. ஆண்டுதோறும் அதில் ஏதோவொன்று மாறுகிறது, ஆர்டர் முறை தெளிவான படிகளைக் கொண்டது, டீலர் ஒதுக்கீட்டின் சிக்கல்களும் அதில் நன்றாகத் தெரியும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மஸ்டாங், மியாட்டா, போர்ஷே 911 ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆண்டைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த ஓராண்டில் காரில் உண்மையில் எது மாறுகிறது, அந்தக் காரை எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், இரண்டுக்குமான மொத்த விலை வேறுபாடு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் முடிவு தானாகவே தெரிந்துவிடும்.

முதற்படி: மாடல் ஆண்டு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் கார் வாங்கிப் பழகியவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் கவனிப்பார்கள். டிசம்பர் மாதத் தள்ளுபடிகளும் அதையொட்டியே வரும். அமெரிக்காவில் விலையை நிர்ணயிப்பது தயாரித்த தேதி அன்று, நிறுவனம் காருக்குச் சூட்டும் மாடல் ஆண்டுதான். கூட்டரசின் விதிப்படி, ஒரு மாடல் ஆண்டின் உற்பத்திக் காலத்துக்குள் அதே எண்ணுள்ள காலண்டர் ஆண்டின் ஜனவரி 1 அடங்கியிருக்க வேண்டும். எனவே 2026 மாடலை 2025 ஜனவரி 2 முதலே தயாரிக்க இடமுண்டு. கார்வெட்டின் 2023 மாடல் 2022 மே மாதமே ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. 2024 மாடலோ 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. ஆகவே மாடல் மாறும் மாதத்தை முந்தைய ஆண்டின் வழக்கத்தை வைத்து ஊகிக்க முடியாது. இவ்வாண்டு மாடலுக்கான ஆர்டர் எப்போது மூடப்படுகிறது, அடுத்த மாடலின் உற்பத்தி எப்போது தொடங்குகிறது என்று டீலரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

ஒரு கார் எந்த மாடல் ஆண்டைச் சேர்ந்தது என்பதை நீங்களே சரிபார்க்கலாம். எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு குறிகள் கொண்ட வின் எண்ணில், அதாவது வாகன அடையாள எண்ணில், பத்தாவது இடத்தில் இருப்பது மாடல் ஆண்டின் குறியீடு: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ், 2026-க்கு டி, 2027-க்கு வி. தயாரித்த மாதமும் ஆண்டும் வேண்டுமானால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் இடத்தில் ஒட்டியுள்ள சான்றிதழ் ஒட்டியைப் பாருங்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பேரம் பேசும்போது உதவும்.

இரண்டாம் படி: அடுத்த ஆண்டில் எது மாறுகிறது என்று பட்டியலிடுங்கள்

பெரும்பாலான ஆண்டுகளில் மாற்றம் சிறியது. இரண்டு நிறங்கள் போய் இரண்டு புதிய நிறங்கள் வரும், சக்கர வடிவம் ஒன்று சேரும், கூடுதல் கட்டணத்தில் இருந்த ஏதோவொரு வசதி எல்லாக் கார்களுக்கும் பொதுவாகும், விலை சற்று ஏறும். கார்வெட்டின் எட்டாம் தலைமுறை, அதாவது சி8, 2020 மாடலாக 59,995 டாலர் தொடக்க விலையில் வந்தது; 2022 மாடலில் அது 62,195 டாலராகிவிட்டது. எஞ்சினின் திறன் இரண்டிலும் ஒன்றே. நிறத்துக்காகவும் ஆண்டு எண்ணுக்காகவும் மட்டுமே காத்திருப்பவர் விலையேற்றத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

சில ஆண்டுகளில் மாற்றம் அன்றாடம் கை படும் இடத்தில் நிகழும். 2025 மாடலிலிருந்து 2026 மாடலுக்குச் சென்றபோது கார்வெட்டில் நடந்தது அதுதான். அதுவரை சி8-இன் உட்புறத்தில், ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே உயர்ந்த மேடு ஒன்று ஓடும். குளிர்சாதனத்துக்கான பொத்தான்கள் அனைத்தும் அதன் மேல் நீண்ட ஒற்றை வரிசையாக, மேலிருந்து கீழே இறங்கும். பக்கத்தில் அமர்ந்தவர் தனியறையில் அடைபட்டதுபோல் இருக்கிறது என்று குறைப்பட்டதுண்டு. ஓட்டுபவர்களில் பலருக்கோ அந்தச் சூழ்ந்த அமைப்புத்தான் பிடித்திருந்தது. 2026 மாடலில் அந்தப் பொத்தான் வரிசை நீக்கப்பட்டு, ஓட்டுநருக்கு 14 அங்குலத் திரை, நடுவில் 12.7 அங்குலத் திரை, ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் 6.6 அங்குலச் சிறு திரை என மூன்று திரைகள் வந்தன. அடிப்படை ஸ்டிங்ரே மாடலின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் மாறவில்லை; 490 குதிரைத்திறன், செயல்திறன் எக்ஸாஸ்ட் இருந்தால் 495 என்பதே தொடர்ந்தது. எனவே கேள்வி வேகத்தைப் பற்றியதன்று. எந்த உட்புறத்தில் நீங்கள் பத்தாண்டுகள் அமர விரும்புகிறீர்கள் என்பதே. இதை விளம்பரப் படங்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு காரிலும் அமர்ந்து, இருக்கையைச் சரிசெய்து, முன்னாலிருந்து கண்ணை எடுக்காமல் குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

புதியது எல்லாம் உங்களுக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பதில்லை. போர்ஷே 911-இன் 2025 மாடலில், ஓட்டுநர் முன் நடுநாயகமாக இருந்த முள் காட்டும் எஞ்சின் சுழற்சிமானி போய் முழுத் திரை வந்தது. அந்த முள்ளை விரும்பியவர்களுக்கு முந்தைய மாடலே சரியான கார். கார்வெட்டில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில் சி8 அறிமுகமானபோது, எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் சென்றது. அதோடு கையால் மாற்றும் கியர் முற்றிலும் போய்விட்டது. கிளட்சை மிதித்துக் கியர் போட விரும்பியவர்களுக்கு 2019 மாடலான சி7 கடைசி வாய்ப்பாக அமைந்தது. புதிய காரின் செய்தி வந்ததும் பழையதன் கையிருப்பு 2020 வரை டீலர்களிடம் நின்றது. நல்ல தள்ளுபடியும் கிடைத்தது. தமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தவர்கள் அதனால் பயனடைந்தார்கள்.

தலைமுறை மாறும் ஆண்டில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புத்தம் புதிய தலைமுறையின் முதலாண்டுக் காரில் சிறு குறைகள் வெளிப்படுவது இயல்பு. 2020 கார்வெட்டில், முன்பக்கப் பொருள்பெட்டியின் மூடி ஓடும்போது திறந்துகொள்ள வாய்ப்பிருந்ததால், குறையைச் சரிசெய்ய நிறுவனம் கார்களை வரச்சொல்லும் திரும்ப அழைப்பு வந்தது. மென்பொருள் மாற்றத்தால் அது சரிசெய்யப்பட்டது. மேலும் 2019 இலையுதிர் காலத்தில் நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் 2020 மாடலின் உற்பத்தி 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. மார்ச் மாதம் கொரோனாவால் ஆலை மூடப்பட்டது. 2020 மாடலுக்கு ஆர்டர் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் 2021 மாடலுக்கு மாற்றப்பட்டார்கள். முதலாண்டுக் காரை ஆர்டர் செய்பவர் இந்த நிச்சயமின்மையை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும். முதன்முறையாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்குமா என்பதையும் கேளுங்கள். செவர்லே கமாரோ 2024 மாடலோடு நின்றுவிட்டது. அப்படியான காரில் காத்திருப்பதற்கே பொருளில்லை.

மூன்றாம் படி: எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று முடிவு செய்து கணக்குப் போடுங்கள்

இவ்வாண்டு மாடலை ஆண்டின் இறுதியில் வாங்குபவர் தள்ளுபடியைப் பெறுகிறார். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே சந்தை அதை ஒரு வயதான காராக எண்ணத் தொடங்கிவிடும். கெல்லி புளூ புக், எட்மண்ட்ஸ் போன்ற விலை வழிகாட்டிகள் மாடல் ஆண்டை வைத்தே மறுவிற்பனை மதிப்பைச் சொல்கின்றன. நீங்கள் 2025 டிசம்பரில் வாங்கிய 2025 மாடலும், இன்னொருவர் அதே ஆண்டு ஜனவரியில் வாங்கிய 2025 மாடலும் மைல் கணக்கு ஒத்திருந்தால் ஒரே விலைக்குத்தான் போகும். ஆகவே தள்ளுபடி இந்த ஓராண்டு இழப்பை ஈடுசெய்கிறதா என்பதே கணக்கு.

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வளாகத்தில் நிற்கும் இவ்வாண்டுக் காரின் ஸ்டிக்கர் விலை, அதாவது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை, 80,000 டாலர், டீலர் 6,000 டாலர் குறைக்கிறார், எனவே 74,000. அதே வசதிகளோடு அடுத்த ஆண்டு மாடல் 82,000, தள்ளுபடி இல்லை. வேறுபாடு 8,000 டாலர். டெக்சஸ் மாநிலத்தில் வாகன விற்பனை வரி 6.25 விழுக்காடு, எனவே வரியில் மட்டும் 500 டாலர் சேர்ந்து வேறுபாடு 8,500 ஆகிறது. இப்போது பழைய கார்ச் சந்தையில் அதே வகைக் காரின் மூன்று வயது மாடலுக்கும் நான்கு வயது மாடலுக்கும் இன்று எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அது 4,000 டாலர் என்றால், மூன்றாண்டு கழித்து விற்கும்போதும் இவ்வாண்டுக் காரை வாங்கியவர் சுமார் 4,500 டாலர் முன்னிலையில் இருக்கிறார். டீலர் வெறும் 2,000 டாலர்தான் குறைக்கிறார் என்றால் வேறுபாடு வரியோடு 4,250, ஏறக்குறைய சமநிலை. அந்த நிலையில் நிறத்துக்காகவும் திரைக்காகவும் காத்திருப்பதில் தவறில்லை.

எட்டுப் பத்தாண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்கு இந்த ஓராண்டு இடைவெளி தேய்ந்து மிகச் சிறியதாகிவிடும். அவருக்குத் தள்ளுபடி முழுவதும் இலாபமே. ஆனால் அவரே தமக்குப் பிடிக்காத நிறத்தைத் தள்ளுபடிக்காக வாங்கினால் பத்தாண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே நீண்ட காலம் வைத்திருப்பவர், விலையைவிட வசதிகளின் பட்டியலில் கண்டிப்பாக இருப்பதே நல்லது.

நான்காம் படி: வளாகத்தில் நிற்கும் காரை வாங்குவதானால்

முதலில் டீலரின் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள். வளாகத்தில் நிற்கும் கார்களைப் பெரும்பாலான டீலர்கள் கடன் வாங்கியே நிறுத்தியிருக்கிறார்கள். கார் விற்கும்வரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மாடல் வந்து இறங்கியதும் பழையது இரட்டைச் சுமையாகிறது. எனவே கதவிலுள்ள தயாரிப்பு மாதத்தைக் குறித்துக்கொண்டு, கார் எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்பதே பேரத்தின் சரியான தொடக்கம்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை ஸ்டிக்கர் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. அடிப்படை விலை, ஒவ்வொரு கூடுதல் வசதியின் விலை, ஆலையிலிருந்து கொண்டுவரும் கட்டணம், மொத்தம் எல்லாம் அதில் இருக்கும். அதன் அருகில் டீலர் தாமாக ஒட்டும் இரண்டாவது தாள் ஒன்று இருந்தால் அதைத் தனியாகப் படியுங்கள். பெயின்ட் பாதுகாப்பு, டயருக்கு நைட்ரஜன், ‘சந்தை நிலவர’ மிகைவிலை போன்றவை அதில்தான் வரும். அவற்றில் எதையும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. கார்வெட் வகைகளில் இசட்06 போன்ற அரிய மாடல்களுக்கு மிகைவிலை கேட்கப்படலாம். அப்படிக் கேட்டால் வேறு டீலரை நாடுவதே என் அறிவுரை, அது வேறு மாநிலத்தில் இருந்தாலும் சரி. வரி பெரும்பாலும் நீங்கள் பதிவு செய்யும் மாநிலத்துக்கே செல்வதால், வெளிமாநிலத்தில் வாங்குவதால் வரிச்சுமை பொதுவாகக் கூடுவதில்லை.

நீங்கள் பேச வேண்டியது ஒரே ஒரு எண்ணைப் பற்றி: வரி, பதிவு, ஆவணக் கட்டணம் அனைத்தும் சேர்ந்து வெளியே ஓட்டிச் செல்லும் விலை. மாதத் தவணை எவ்வளவு வேண்டும் என்று விற்பனையாளர் கேட்டால், அதைப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். ஆவணக் கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு; புளோரிடா போன்ற மாநிலங்களில் இல்லை. எனவே டீலருக்கு டீலர் அது பெரிதும் மாறும்.

அடுத்து, காரையே பாருங்கள். பல மாதங்கள் வெயிலிலும் பனியிலும் நின்ற புதிய கார் புதிய கார்தான், ஆனாலும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

- டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இசட்51 எனும் செயல்திறன் தொகுப்புள்ள கார்வெட்டில் கோடைக்கால டயர்கள் இருக்கும். கடுங்குளிரில் அந்த ரப்பர் விறைத்துவிடும், அந்நிலையில் அசைத்தால் வெடிப்பு ஏற்படக்கூடும். வடமாநிலத்தில் ஒரு குளிர்காலத்தைக் கடந்த காரானால், டயரின் பள்ளங்களை விளக்கு வைத்து உள்ளும் புறமும் பாருங்கள்.
- பேட்டரி பலமுறை முழுதும் இறங்கியிருக்கலாம். சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பலவீனமாக இருந்தால் மாற்றித் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.
- ஓடிய மைல். கார்வெட்டின் கையேட்டின்படி முதல் 500 மைல் எஞ்சினை மென்மையாக நடத்த வேண்டும். அந்த மைல்கள் சோதனை ஓட்டத்துக்கு வந்தவர்களின் காலடியில் கழிந்திருந்தால் அது உங்களுக்கு நல்லதன்று. நூறு மைலுக்கு மேல் ஓடியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.
- திரும்ப அழைப்புகள். கூட்டரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் இணையப் பக்கத்தில் வின் எண்ணைக் கொடுத்தால் நிலுவையில் உள்ளவை இலவசமாகத் தெரியும். புதிய காரில் நிலுவையிலுள்ள திரும்ப அழைப்பைச் சரிசெய்யாமல் டீலர் உங்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது சட்டம்.

உத்தரவாதத்தைப் பற்றி வீணான அச்சம் வேண்டாம். செவர்லேயின் மூன்றாண்டு அல்லது 36,000 மைல் பொது உத்தரவாதமும், ஐந்தாண்டு அல்லது 60,000 மைல் எஞ்சின்–கியர் உத்தரவாதமும் கார் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகின்றன. ஆலையிலிருந்து வந்த நாளிலிருந்து அன்று. ஆனால் டீலர் தம் பயன்பாட்டுக்கென ஏற்கெனவே சேவையில் சேர்த்த காராக இருந்தால் உத்தரவாதம் அன்றே ஓடத் தொடங்கியிருக்கும். ஆகவே உத்தரவாதத் தொடக்க தேதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஐந்தாம் படி: அடுத்த ஆண்டு மாடலுக்கு ஆர்டர் கொடுப்பதானால்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டீலரிடம் முன்பணம் கட்டிவிட்டால் ஆலையில் உங்கள் கார் வரிசையில் சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை கார் என்று ஒதுக்கீடு அளிக்கிறது. முன்பு அதிகம் விற்றவருக்கு அதிகம் கிடைக்கும். உங்கள் ஆர்டர் அந்த ஒதுக்கீட்டில் ஒன்றோடு இணைந்தால்தான் நிறுவனம் அதை ஏற்கும். எனவே டீலரிடம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: இந்த மாடலில் உங்களுக்குக் கடந்த ஆண்டு எத்தனை ஒதுக்கீடு வந்தது, உங்கள் காத்திருப்போர் பட்டியலில் நான் எத்தனையாவது ஆள், ஸ்டிக்கர் விலைக்கு மேல் எதுவும் கேட்கமாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா. இசட்06, ஈ-ரே, இசட்ஆர்1 போன்றவற்றுக்கு இந்தக் கேள்விகள் இன்றியமையாதவை. ஊர் முனையிலுள்ள சிறு டீலர் அன்போடு பேசலாம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு கார் மட்டுமே வரும் இடத்தில் ஏழாவது ஆளாக நிற்பதில் பயனில்லை.

முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். அது திரும்பக் கிடைக்குமா, எந்தச் சூழலில் கிடைக்காது என்பது ரசீதிலேயே இருக்க வேண்டும். ஆர்டர் பதிவானதும் ஆறு எழுத்துகள் கொண்ட ஆர்டர் எண்ணையும், தேர்ந்த வசதிகள் குறியீடுகளோடு அச்சிடப்பட்ட தாளையும் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படியுங்கள். இசட்51 என்றால் செயல்திறன் தொகுப்பு, ஈ60 என்றால் காரின் முன்பகுதியைச் சில நொடிகளில் உயர்த்தும் அமைப்பு. வேகத்தடையும் செங்குத்தான வீட்டு நுழைவாயிலும் உள்ள பகுதியில் வசிப்பவருக்கு ஈ60 மிகவும் பயனுள்ளது. ஓரிடத்தில் ஒருமுறை உயர்த்தினால் அவ்விடத்தை ஜிபிஎஸ் வழியாக நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே உயர்த்தும். அதைப் பின்னாளில் டீலரிடம் பொருத்திக்கொள்வதை எண்ணாமல் ஆர்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒரு குறியீடு விடுபட்டால் கார் அது இல்லாமலேயே வந்து நிற்கும். தாளில் கையெழுத்து உங்களுடையது.

அதன்பின் ஆர்டர் நான்கு இலக்க நிலைக் குறியீடுகளின் வழியே நகரும். 1100 என்றால் டீலர் பதிவு செய்திருக்கிறார், அவ்வளவே. 2000 என்றால் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 3000 என்றால் உற்பத்திக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஏற்று, உத்தேச உற்பத்தி வாரம் ஒதுக்கப்பட்டது. 3300 என்றால் உற்பத்திக்குத் திட்டமிடப்பட்டது. 3800 என்றால் கார் தயாராகிவிட்டது. 4200 என்றால் அனுப்பப்பட்டது. 5000 என்றால் டீலரை அடைந்தது. நிறத்தையோ வசதியையோ மாற்ற நினைப்பவர் 3000-க்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 1100-இலேயே வாரக்கணக்கில் நின்றால், ஒன்று டீலருக்கு ஒதுக்கீடு வரவில்லை, அல்லது நீங்கள் கேட்ட ஏதோவொரு வசதிக்கு உதிரிபாகத் தட்டுப்பாடு இருக்கிறது. எந்த வசதி தடுக்கிறது என்று கேளுங்கள். அதை விட்டுக்கொடுத்தால் சில வாரங்கள் மிச்சமாகலாம்.

விலை பற்றிய இரண்டு வாக்கியங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆர்டருக்குப் பிறகு நிறுவனம் விலையை உயர்த்தினால் யார் ஏற்பது என்பது ஒன்று. மாடல் ஆண்டின் உற்பத்தி முடிந்து ஆர்டர் அடுத்த மாடலுக்குத் தள்ளப்பட்டால், புதிய விலையை ஏற்காமல் முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்பது மற்றொன்று.

கார்வெட்டை ஆர்டர் செய்பவருக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு நல்ல வாய்ப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆர்8சி என்ற குறியீட்டைச் சேர்த்தால், ஆலைக்கு அருகிலேயே உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் காரைப் பெற்றுக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காரின் ஒவ்வொரு அமைப்பையும் பொறுமையாக விளக்கிக் காட்டும் ஆட்கள் அங்கே இருப்பதால், முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு அந்தப் பணம் தகும் என்றே நினைக்கிறேன்.

ஆறாம் படி: கடன், பழைய கார், காப்பீடு

மாடல் ஆண்டின் முடிவில் நிறுவனங்கள் பழைய கையிருப்புக்குக் குறைந்த வட்டியோ ரொக்கத் தள்ளுபடியோ அறிவிப்பதுண்டு. பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். வட்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 60,000 டாலர் கடனை 60 மாதங்களில் அடைப்பவர் 7 விழுக்காட்டில் சுமார் 11,280 டாலர் வட்டி கட்டுவார். 4 விழுக்காட்டில் சுமார் 6,300. வேறுபாடு ஏறத்தாழ 5,000 டாலர். இதையும் மூன்றாம் படியில் போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும்.

வளாகக் காருக்கு வட்டி இன்றே உறுதியாகிறது. ஆர்டர் செய்த காருக்கோ, கார் வந்து சேரும் நாளில் நிலவும் வட்டிதான். வங்கியோ கடன் சங்கமோ தரும் முன்-ஒப்புதல் சில வாரங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், ஆர்டர் 3800-ஐ எட்டியபின் விண்ணப்பிப்பதே பொருத்தம். அமெரிக்காவுக்கு வந்து அதிக காலமாகாதவர்களுக்குக் கடன் வரலாறு குறுகியதாக இருக்கும். அவர்களுக்குக் காத்திருக்கும் மாதங்கள் ஒருவகையில் உதவி, ஏனெனில் அந்தக் காலத்தில் கடன் அட்டைப் பாக்கியைக் குறைத்துக் கடன் மதிப்பெண்ணை உயர்த்தலாம். பல இடங்களில் கொடுக்கும் கடன் விண்ணப்பங்களை 14 நாள்களுக்குள் முடித்துக்கொண்டால், ஃபைக்கோ எனும் கடன் மதிப்பெண் கணக்கில் அவை ஒரே விசாரணையாக எண்ணப்படும்.

2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் இறுதியாகத் தயாரான புதிய காருக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கூட்டரசு அனுமதித்துள்ளது. தனிநபர் வருமானம் 100,000 டாலரைத் தாண்டினால், இணைந்து தாக்கல் செய்யும் தம்பதியரானால் 200,000 டாலரைத் தாண்டினால், இச்சலுகை படிப்படியாகக் குறையும். கென்டக்கியில் தயாராகும் கார்வெட் இதற்குப் பொருந்தும். ஜெர்மனியிலிருந்து வரும் 911 பொருந்தாது.

பழைய காரைக் கொடுத்து வாங்குபவர், டெக்சஸில் அதன் மதிப்பு கழிந்தபின் உள்ள தொகைக்கே வரி கட்டுவார். கலிபோர்னியாவில் முழு விலைக்கும் வரி உண்டு. ஆர்டர் செய்தவருக்குப் பழைய காரின் மதிப்பு கார் வரும் நாளில்தான் முடிவாகும், அதற்குள் அது இறங்கவே செய்யும். காப்பீட்டு விலையை இரண்டு வழியிலும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். குடும்பக் காருக்குக் கட்டியதை வைத்து மதிப்பிட்டால் பட்ஜெட் உடைந்துபோகும்.

ஏழாம் படி: பெற்றுக்கொள்ளும் நாள்

காலத்தைப் பொறுத்தவரை, வளாகக் காருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் முடிய நல்ல பருவம். குளிர் தொடங்கியதும் ஸ்போர்ட்ஸ் காரைக் கேட்டு வருவோர் குறைவு. ஆர்டர் கொடுப்பவர் மினசோட்டாவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்தால், கார் வசந்தத்தில் வந்து சேரும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். ஸ்டிக்கரை ஆர்டர் தாளோடு ஒப்பிட்டு, வின் எண்ணைக் காரிலும் ஆவணங்களிலும் சரிபார்த்து, பெயின்டையும் சக்கர விளிம்புகளையும் சுற்றிவந்து பார்த்தபின் கையெழுத்திடுங்கள். மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. கூட்டரசு வணிக ஆணையத்தின் அந்த விதி டீலரின் கடையில் வாங்கும் காருக்குப் பொருந்தாது. கையெழுத்திட்டால் கார் உங்களுடையது. நிதி அறையில் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம், டயர்த் திட்டம் போன்றவற்றை முன்வைப்பார்கள். பேசி முடித்த மொத்த விலைத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எந்த வரிக்கும் விளக்கம் கேளுங்கள்.

பிறகு ஓட்டலாம். முதல் 200 மைல் வரை திடீர் பிரேக் வேண்டாம், 500 மைல் வரை எஞ்சினை 4,000 சுழற்சிக்கு மேல் ஏற்ற வேண்டாம், பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவதை 1,500 மைலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.